பலகை முன்னால கால் நின்னுடுதா?

டேக்வாண்டோ கருப்பு பெல்ட் தேர்வு நெருங்குது, பக்க உதையில பலகையை உடைக்கப் போனா, கிட்ட வந்ததும் கால் தானா நின்னுடுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் அதேதான் தம்பி. மூணு தடவை உதைச்சேன். பலகை அசையல, குதிகால்தான் வீங்குச்சு.

வலிக்குமோன்னு கடைசி நொடியில வேகத்தைக் குறைக்கிறோம் பாருங்க, அதனாலதான் வலியே. உடையாத பலகை, அடியை அப்படியே காலுக்குத் திருப்பி அனுப்பிடும். பலகையைக் குறி வைக்காதீங்க, அதுக்கு ஒரு சாண் பின்னால வையுங்க. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை யாரையாவது பிடிக்கச் சொல்லி உதைச்சுப் பழகுங்க. "பட்"னு சத்தம் வரணும்.

இன்னொண்ணு, மரம் ரேகை வாக்குலதான் பிளக்கும், அதைப் பார்த்துப் பலகையைப் பிடிக்கச் சொல்லுங்க. பிடிக்கிறவர் கை தளர்ந்தா உங்க பலம் பாதி அங்கேயே போயிடும். இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. உதைக்கும்போது கத்துற கிஹாப் சத்தத்தையும் விழுங்கிடாதீங்க. மூச்சை அடக்கினா உடம்பு விறைச்சுடும்.

எனக்கு நாலாவது உதையில உடைஞ்சது.