பைலாத் தாளத்தில் தமிழ்ப் பாட்டு: அபகரிப்பா?

இலங்கையின் ஆட்டப்பாட்டு இசையான பைலாவின் தாளத்தில் நீங்கள் வெளியிட்ட தமிழ்ப் பாடலுக்குக் கண்டனம் எழுந்ததாகவும், அது பிறர் பண்பாட்டை அபகரிப்பதாகுமா என்றும் எழுதியிருந்தீர்கள். பைலாவின் 6/8 தாளத்தை உங்கள் பாடலில் எடுத்தாண்டது அபகரிப்பு ஆகாது. போர்த்துக்கேய, ஆபிரிக்க வழிகள் கலந்து வளர்ந்த அத்தாளத்துக்கு இலங்கையில் எல்லா இனத்தவரும் ஆடியிருக்கிறார்கள்.

கண்டனம் எழுந்தது பெரும்பாலும் நீங்களே குறிப்பிட்ட இரண்டு விடயங்களால்தான் இருக்கும்: திருகோணமலையில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுத் திருமணத்தில் பதிந்த வயலின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ‘இசை’ என்ற இடத்தில் உங்கள் குழுவின் பெயரை மட்டும் இட்டது, காணொளியில் அவர்களுடைய பேச்சைக் கேலியாக நடித்தது. பின்னதை நீக்கிவிடுங்கள், அதில் வாதத்துக்கே இடமில்லை.

முன்னதைச் சோதிக்க, தாளத்தை நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் அந்த வயலின்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த அடியை அவர் தாமாகவே தொடர்ந்தால், பெயரும் வருமானத்தில் பங்கும் அவர்களுக்குச் சேரவேண்டும்.

பழைய மெட்டுக்கு உரிமையாளர் இல்லையென்று நம்பிவிடாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளின் வணிகப் பயன்பாட்டையும் கட்டுப்படுத்துகிறது.