கல்லறைக் கல், இரங்கல் பத்திரிகை, அடக்கப் பதிவேடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், குமரி மாவட்டம் முன்பு சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாட்டியின் அம்மாவுடைய கல்லறையில் ‘1087 மேடம் 12’ என்று வெட்டியிருக்கிறது. ஆங்கிலக் கணக்கில் என்ன தேதி? (வாசகி, மார்த்தாண்டம்)

1912, ஏப்ரல் 25-ஐ ஒட்டி. மேடம் என்பது நம் சித்திரை. கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐக் கூட்டுங்கள். அங்கிருந்து ஆடி முடியும் வரை 825. மாதத்தைப் பார்க்காமல் கூட்டினால் ஓராண்டு பிசகும். அந்த ஓராண்டுப் பிசகில் தம்பி அண்ணனாகிவிடுவான். கணக்கைச் சரிபார்க்க ஒரு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: திருவிதாங்கூரை மூழ்கடித்த தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் 1099 ஆடியில் வந்தது, அதாவது 1924 ஜூலை. பல கற்களில் ஆயிரத்தை விட்டுவிட்டு ‘87’ என்று மட்டும் வெட்டியிருப்பார்கள். அதை 1887 என்று படித்துவிடாதீர்கள். குறிப்பேட்டில் முதலில் கல்லில் இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். மாற்றிய தேதியை அதன் கீழே எழுதுங்கள்.

தாத்தாவின் பெயரை இத்துடன் எழுதியிருக்கிறேன். குமரி மாவட்டத்துக்காரர். முன்னோர் விவரங்களை அனுப்பி உதவவும். (வாசகர், சென்னை)

அனுப்ப இயலாது. ஊர் எழுதவில்லை, இறந்த ஆண்டு எழுதவில்லை, எந்தச் சபை, எந்தக் கோவில் என்றும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் பெயரில் ஒரே பங்கில் (ஒரு கத்தோலிக்கக் கோவிலின் கீழ் வரும் சபையில்), ஒரே பத்தாண்டில், பத்துப் பேரைப் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். அதனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் பிடிக்க முடியாது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் குடும்பம் என்றால் வீட்டுப்பெயரைக் கேட்டு வாருங்கள். புத்தன்வீடா, மேலேவீடா, எந்த விளை (தோட்டம்)? உங்கள் அத்தைக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். இன்றே தொலைபேசியில் கேளுங்கள், அவருக்கும் வயதாகிறது.

எங்கள் பங்கு இப்போது குழித்துறை மறைமாவட்டத்தில் இருக்கிறது. 1920-களின் அடக்கப் பதிவேட்டைக் கோட்டாற்றில் தேடுவதா, கொல்லத்தில் தேடுவதா? (வாசகர், முளகுமூடு பக்கம்)

இரண்டிலும் வேண்டாம், முதலில் பங்கு அலுவலகத்துக்குப் போங்கள். கோட்டாறு மறைமாவட்டம் கொல்லத்திலிருந்து 1930-ல் பிரிந்தது. குழித்துறை கோட்டாற்றிலிருந்து 2014-ல் பிரிந்தது. ஆனால் பதிவேடு என்பது பங்கில் எழுதப்பட்டு, பங்கில் வைக்கப்படுவது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த ஆண்டில் உங்கள் கோவில் தனிப் பங்கா, கிளைப்பங்கா? கிளைப்பங்கு என்றால் உங்கள் குடும்பத்தின் வரிகள் தாய்ப்பங்கின் புத்தகத்தில் இருக்கும். பழைய பக்கங்கள் லத்தீனில் இருந்தால் அஞ்ச வேண்டாம். ‘ஒபியித்’ இறந்தார், ‘செபுல்துஸ்’ அடக்கம் செய்யப்பட்டார், ‘ஃபிலியுஸ்’ மகன், ‘ஃபிலியா’ மகள், ‘ஊக்ஸோர்’ மனைவி. இந்த ஐந்து சொற்களே பாதித் தூரம் கொண்டுபோகும். ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரக் குறிப்புகளையும் விடாதீர்கள். 1908-க்குப் பிறகு, திருமணம் எங்கே நடந்தது என்பதை அங்கே குறித்து வைக்கும் விதி வந்துவிட்டது. வேற்றூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணை அந்த ஒரு வரிதான் காட்டும்.

ஞாயிறு காலையில் போய் அருட்தந்தையிடம் புத்தகம் கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் படமும் எடுக்காதீர்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ. குடும்பம். லண்டன் மிஷன் ஆவணங்கள் லண்டனில் இருக்கின்றனவாம். அங்கே எழுதினால் கொள்ளுத்தாத்தாவின் அடக்கக் குறிப்பு கிடைக்குமா? (வாசகர், நெய்யூர்)

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் இருப்பவை பெரும்பாலும் மிஷனரிகளின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த 1806-லிருந்து மிஷன் எப்படி வளர்ந்தது என்று அறிய அவை அருமையானவை. உங்கள் கொள்ளுத்தாத்தா மிஷனில் உபதேசியாராக இருந்திருந்தால் ஒருவேளை பெயர் வரலாம். மற்றவர்களுக்குச் சேகரத்தின் (சில சபைகள் சேர்ந்த வட்டத்தின்) பதிவேடும் சபையின் குடும்பப் புத்தகமும்தான் வழி. நாகர்கோவிலிலிருந்து 19-ஆம் நூற்றாண்டிலேயே வரத் தொடங்கிய ‘தேசோபகாரி’ இதழின் பழைய தொகுப்புகள் யாரிடமாவது இருக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

குடும்பக் கல்லறை பழுதாகிவிட்டது, எழுத்தும் மங்கிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு முன்பாக இடித்துவிட்டு, எல்லாப் பெயர்களையும் ஒரே கிரானைட் கல்லில் எழுதிவிடலாம் என்று அண்ணன் சொல்கிறார். பழைய எழுத்தை எப்படி எடுத்துவைப்பது? (வாசகி, கருங்கல்)

முதலில் அண்ணனை நிறுத்துங்கள். இந்தக் கடிதத்துக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் இதே கடிதம் வருகிறது. பல சமயம் இடித்த பிறகு வருகிறது.

என் தாய்வழிக் குடும்பத்தில் நடந்தது இது. ஒரு கல்லில் ‘1075 ஆடி’ என்று இருந்தது. 1900-ஆம் ஆண்டு, ஜூலையோ ஆகஸ்டோ. புதுக்கல் வெட்டியவர் அதைப் பிழை என்று எண்ணி, நல்லெண்ணத்தோடுதான், 1975 என்று திருத்திவிட்டார். பணம் கொடுத்தவர்கள் யாரும் சரிபார்க்கவில்லை. பழைய கல் உடைந்து கடைக்காலுக்குப் போய்விட்டது. இன்று அந்தக் கல்லறைக்கு வரும் பிள்ளைகள், முப்பாட்டி தங்கள் அப்பாவின் கல்யாணத்தைப் பார்த்தவர் என்று நம்புகிறார்கள். சிறுவனாக இருந்தபோது நான் அந்தப் பழைய கல்லை எழுத்துக்கூட்டிப் படித்து நோட்டில் எழுதியிராவிட்டால் உண்மை அத்தோடு போயிருக்கும்.

ஆண்டு மட்டும் போவதில்லை. பழைய கல்லில் ‘இன்ன ஊர் இன்னார் மகள், இன்னார் பெண்சாதி’ என்று பெண்ணின் பிறந்த ஊர் வரைக்கும் இருக்கும். புதுக்கல்லில் அவளுக்கு மிஞ்சுவது ஒரு பெயரும் இரண்டு தேதியும்தான். அதோடு எந்தக் கல்லறை எதன் அருகில் இருந்தது என்பதும் அழிந்துவிடுகிறது. பக்கத்துக் கல்லறைகள் பெரும்பாலும் உறவுக்காரர்களுடையவை. நான்கு பேரையும் ஒரே கல்லில் அடைத்துவிட்டால், ஓரத்தில் தனியாக இருந்த அந்த ஐந்தாவது குழி யாருடையது என்று கேட்கக்கூட நாளைக்கு ஆள் இருக்காது.

மங்கிய எழுத்தைப் படிக்க வெயில் போதும். காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் கல்லின்மேல் சாய்ந்து விழும்போது போங்கள். அல்லது இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து, கிட்டத்தட்டக் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. நண்பகல் வெயில் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைச் சாய்த்துத் திருப்பலாம். வெறும் தண்ணீர் தெளித்து மென்மையான துணியால் ஒற்றலாம். ஆசிட் கூடாது. கம்பி பிரஷ் கூடாது. சுண்ணாம்பு அடிக்கவே கூடாது. எழுத்தைக் கொன்றது மழையைவிடச் சுண்ணாம்புதான் அதிகம். கல்லைத் தனியாக ஒரு படம், கல்லறை முழுவதும் ஒரு படம், சுற்றியுள்ள வரிசையோடு ஒரு படம் எடுங்கள். பிறகு நோட்டில் வரி வரியாக, பிழையோடு, இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்கள். பழைய வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ‘லை’, ‘னை’ எல்லாம் பழைய கொம்பு வடிவில் இருக்கும். அவற்றையும் நீங்கள் திருத்த வேண்டாம்.

அதன் பிறகு கிரானைட் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய கல்லை மட்டும் புதுக்கல்லின் தலைமாட்டில் பதித்துவிடுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. உதயகிரிக் கோட்டைக்குள் திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாயின் கல்லறையைப் போய்ப் பாருங்கள். 1777-ல் இறந்தவர்; லத்தீனிலும் தமிழிலும் வெட்டியதை ஏறக்குறைய 250 ஆண்டுக்குப் பிறகும் படிக்கிறோம். சும்மா விட்டாலே கல் நிற்கும். இதற்கு மாறாக, ஒரு வீட்டுக் கிணற்றடியில் துணி அலக்கும் கல்லாகக் கிடந்ததைப் புரட்டிப் பார்த்து, அதில் ஒரு தாயின் பெயரைப் படித்திருக்கிறேன். அந்த வீட்டாருக்கு அது தெரியாது.

பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தியில் தாத்தாவுக்கு வயது 98. பள்ளிச் சான்றிதழ்படி 91. எதை எடுத்துக்கொள்வது? (வாசகர், கொட்டாரம்)

இரண்டையும் எழுதிவைத்து இரண்டையும் நம்பாதீர்கள். பள்ளியில் சேர்த்தபோது வயதைக் குறைத்துச் சொல்வார்கள். இறந்தபோது கூட்டிச் சொல்வார்கள். இரங்கல் செய்தியில் வயதைவிட மதிப்புள்ளது கீழே உள்ள பெயர் வரிசை: மக்கள், மருமக்கள், சம்பந்திகள், அவர்களுடைய ஊர்கள். கத்தரித்து வைக்கும்போது பத்திரிகையின் பெயரையும் தேதியையும் பின்புறம் எழுதுங்கள். தேதி இல்லாத துண்டு பாதிச் சான்றுதான்.

நாங்கள் ஐயாவழிக் குடும்பம். பெரியவர்களை வடக்கு நோக்கி அமர்த்தி அடக்கம் செய்திருக்கிறோம். பெயர் எழுதிக் கல் நடவில்லை. எங்களுக்கு என்ன வழி? (வாசகர், சாமிதோப்பு பக்கம்)

வழி உண்டு. கல் இல்லாத இடத்தில் நிலம் பேசும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பத்திரத்தைத் தேடுங்கள். ஒரு நல்ல பாகப்பத்திரத்தில் மூன்று தலைமுறை வரிசையாக வந்துவிடும். அடக்கம் செய்த விளையைச் சமாதி உள்ள இடம் என்று பிரித்துச் சொல்லியிருப்பதும் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ஆட்சியில் இருந்தவர்கள். அதனால் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். படிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பதினாறாம் நாள் பத்திரிகைகள் பழைய பெட்டிகளில் கிடக்கும், எடுத்துப் பாருங்கள். குலதெய்வம் சாஸ்தா என்றால், பங்குனி உத்திரத்தன்று அந்தக் கோவிலுக்கு ஒரு நோட்டோடு போங்கள். எங்கோ தேரிக்காட்டில் இருக்கும் அந்தச் சாஸ்தா கோவில்தான் உங்கள் குடும்பம் புறப்பட்ட இடத்தைக் காட்டும். அங்கே பொங்கலிட வருகிறவர்கள் உங்கள் பங்காளிகள். கோவில் வரிப் புத்தகம் யாரிடம் என்று கேளுங்கள்.

கொள்ளுத்தாத்தாவின் சொத்து அவருடைய மகன்களுக்கு வராமல் சகோதரியின் மகனுக்குப் போயிருக்கிறது. மகன்களோடு பகையா? (வாசகி, பூதப்பாண்டி)

பகை இல்லை, மருமக்கள்வழி. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் 1920-களில் சட்டம் வந்து மாற்றும் வரை அதுதான் முறை. அந்தக் காலத்து ஆவணத்தில் பெயருக்குமுன் நிற்பவரை அப்பா என்று உடனே எழுதிவிடாதீர்கள், மாமனாக இருக்கலாம். உங்கள் மரத்தைத் தாய்வழியாக ஒரு முறை வரைந்து பாருங்கள்.

தாத்தாவின் தம்பி 1960-களில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவரை எந்தப் பதிவேட்டில் தேடுவது? (வாசகர், தூத்தூர் பக்கம்)

அடக்கப் பதிவேட்டில் இருக்கமாட்டார், அங்கே தேடி மனம் நோக வேண்டாம். அவரைச் சுற்றியிருப்பவர்களின் பதிவுகளில் தேடுங்கள். அவருடைய கடைசிக் குழந்தையின் ஞானஸ்நானம் எந்த ஆண்டு? மூத்த பிள்ளையின் திருமணப் பதிவில் தகப்பன் ‘காலஞ்சென்ற’ என்று எப்போது எழுதப்பட்டிருக்கிறார்? மனைவி எந்த ஆண்டிலிருந்து கைம்பெண் என்று குறிக்கப்படுகிறார்? இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் அவர் போயிருக்கிறார். குறிப்பேட்டில் ‘1962-க்கும் 1966-க்கும் இடையில், கடலில்’ என்பதுபோல எழுதுங்கள். நாள் குறிக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு தேதியைக் கற்பிக்காதீர்கள். அவரோடு அதே வள்ளத்தில் போனவர்களின் குடும்பங்களையும் கேளுங்கள். ஒரே இரவில் போனவர்களை அந்த ஊர் மறந்திருக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமியிலும், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலிலும் தனிக் குழி கிடைக்காமல் போனவர்களுக்கும் இதே முறைதான். அவர்களை நேரில் அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இப்போதே எழுதி வாங்குங்கள்.

மையவாடியில் (அடக்கத்தலத்தில்) கபர்களுக்கு மீஸான் கல் (அடையாளக் கல்) மட்டும்தான், எழுத்து இல்லை. (வாசகர், தேங்காய்ப்பட்டினம்)

ஜமாஅத்தின் நிக்காஹ் (திருமணப்) புத்தகத்துக்குப் போங்கள். மணமக்களின் தந்தை பெயர் அங்கே இருக்கும். ஹிஜ்ரி ஆண்டை ஒரே எண்ணைக் கழித்தோ கூட்டியோ மாற்றாதீர்கள். அது ஏறத்தாழ 354 நாள் ஆண்டு. நம் 32 ஆண்டுக்கு அங்கே 33 ஆகிவிடும்.

1948 மரணப் பதிவு இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். (வாசகர், தோவாளை)

எந்தப் பெயரில் தேடினார்கள்? வீட்டில் அழைத்த பெயரிலா, முழுப் பெயரிலா, ஞானஸ்நானப் பெயரிலா? மூன்றையும் எழுதிக் கொடுத்து, முன்பின் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். அதன் பிறகும் இல்லை என்றால் இல்லை என்பதையே எழுத்தில் வாங்குங்கள். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முன் விடுபட்டவர்கள் ஏராளம்.

கல்லறை தெரிகிறது, ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. (வாசகி, இரணியல்)

கல்லறைத் திருநாளான நவம்பர் 2 மாலை அங்கே போய் நில்லுங்கள். யாராவது ஒருவர் மெழுகுவர்த்தியோடு வருவார்.