கன்னியாகுமரியில் லேசர் பீரங்கி வைத்தால் ஏவுகணை எரியுமா?

கேள்வி: தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். கன்னியாகுமரியில் லேசர் பீரங்கி வைத்து, கூடங்குளம் அணுமின் நிலையத்தை நோக்கி வரும் ஏவுகணையை எரிப்பதுபோல அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்ய மாணவர்கள் துடிக்கிறார்கள். நடக்கிற காரியமா? நடுவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: தாராளமாகச் செய்யட்டும் டீச்சர். ஆனால் பீரங்கியைக் கூடங்குளத்துக்கே மாற்றி வைக்கச் சொல்லுங்கள், ஏவுகணைக்குப் பதில் ட்ரோனைப் பறக்க விடச் சொல்லுங்கள். பாதிக் கேள்விகள் அதிலேயே அடங்கிவிடும். ட்ரோனை லேசரால் வீழ்த்துவது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் கர்னூலில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ 30 கிலோவாட் லேசரால் அதைச் செய்து காட்டியது.

இடத்தை ஏன் மாற்ற வேண்டும்? கன்னியாகுமரிக்கும் கூடங்குளத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 20 கி.மீ. லேசர் கதிர் போகப் போக விரியும். 30 செ.மீ. விட்டமுள்ள ஆடியிலிருந்து கிளம்பும் ஒரு மைக்ரான் அலைநீளக் கதிரை எவ்வளவு கூராகக் குவித்தாலும், காற்றே குறுக்கிடாவிட்டாலும், 10 கி.மீ.யில் சுமார் 8 செ.மீ. அகலப் புள்ளியாகும். 100 கி.மீ.யில் 80 செ.மீ. அதாவது அதே சக்தி நூறு மடங்கு பரப்பில் பரவிவிடும். பிள்ளைகளே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான்.

அப்புறம் நேரம். உலோகத்தோல் உருக, ஒரே இடத்தில் சில நொடிகளாவது கதிர் நிற்க வேண்டும். விமானம்போலத் தாழப் பறந்து, நொடிக்கு 250 மீட்டர் போகும் குரூஸ் ஏவுகணை 10 கி.மீ.யைக் கடக்க 40 நொடி ஆகும்; முயன்று பார்க்கலாம். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் வருவதற்குப் பத்து நொடி போதும். அதற்குள் கண்டுபிடித்து, குறிபார்த்து, புள்ளியை நகராமல் பிடித்து வைப்பதென்றால் பெரும்பாடு.

பாலிஸ்டிக் ஏவுகணையின், அதாவது வளிமண்டலத்துக்கு மேலே உயர்ந்து போய்த் திரும்பி விழும் ஏவுகணையின், முனையை விட்டுவிடலாம். வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டைத் தாங்கவே செய்யப்பட்டது அது. மேலே கிளம்பும் கட்டத்தில் அடிப்பதுதான் ஒரே வழி. போயிங் 747 விமானத்தில் மெகாவாட் அளவு ரசாயன லேசரைப் பொருத்தி, 2010 பிப்ரவரியில் அமெரிக்கர்கள் கலிபோர்னியா கடலோரத்தில் அப்படி ஒன்றை வீழ்த்தினார்கள். ஆனால் எதிரி நாட்டு எல்லைக்கருகே அந்த விமானம் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டுமே! 2011 இறுதியில் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

நம் ஊருக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டுமே நமக்குக் கிடைக்கும். மேகமும் உப்புத்துளியும் கதிரைச் சிதறடிக்கும். மழை கொட்டினால் லேசர் சும்மா இருக்க வேண்டியதுதான். அதனால் நம்மைக் காக்கும் எதிர்ப்பு ஏவுகணைகளுக்குத் துணையாகக் கடைசி வளையத்தில் லேசர் நிற்கும், அவற்றின் இடத்தைப் பிடிக்காது என்பது என் கருத்து.

மாடலைவிட நடுவர்களை அசத்தப் போவது ஒரு தோசைக்கல். அடுப்பில் நன்றாகச் சுட வைத்து, அதற்குச் சற்று மேலாக லேசர் பாயின்டரை அடித்து, தூரத்துச் சுவரில் விழும் புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுங்கும், நெளியும். சூடான காற்று கதிரை வளைப்பது கண்ணுக்கே தெரியும். பிறகு இட்லிப் பானையின் ஆவியைக் குறுக்கே விடுங்கள், புள்ளி மங்கிப்போகும். 1 மில்லிவாட் பாயின்டரே போதும். அதை ஸ்டாண்டில் அசையாமல் கட்டி, கதிர் யார் கண் மட்டத்திலும் போகாதபடி வையுங்கள். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரம் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.