உண்மையைச் சொன்னால் மன்னிப்பு: தென்னாப்பிரிக்காவில் இந்த முறை பலன் தந்ததா?

பாதிதான் தந்தது. மீதிப் பாதியை அரசே கைவிட்டுவிட்டது என்பது என் கருத்து.

நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க 1995இல் சட்டம் போட்டு, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை அமைத்தார்கள். அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவர் எதையும் மறைக்காமல் சொன்னால் பொதுமன்னிப்பு கிடைக்கும். வராதவர்கள் மீதும், பொய் சொல்லி மாட்டியவர்கள் மீதும் வழக்கு நடக்கும். இதுதான் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த வாக்கு.

அதில் உண்மை வெளிவந்தது நிஜம். 1997இல் கேப் டவுன் விசாரணையில் ஜெஃப்ரி பென்சியன் என்ற போலீஸ் அதிகாரியிடம், அவரால் சித்திரவதை செய்யப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி டோனி யெங்கெனி, "எனக்குச் செய்ததை இங்கே செய்து காட்டு" என்ற மாதிரி கேட்டார். தரையில் குப்புறப் படுத்த ஒருவரின் முதுகில் ஏறி உட்கார்ந்து, தலையில் துணிப்பையை மாட்டி இழுத்துக் காட்டினார் பென்சியன், எல்லோர் கண்முன்னும். 1999இல் அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. ஏற்பது கஷ்டம்தான். ஆனால் இப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று அதற்கப்புறம் யாராலும் சாதிக்க முடியவில்லை.

சரி, வழக்குகள்? மன்னிப்புக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது மறுக்கப்பட்டது. சுமார் 300 வழக்குகள் அரசு வழக்கறிஞர்களிடம் போயின. பெரும்பாலானவை தூங்கின. நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது திமோல், போலீஸ் காவலில் இருந்தபோது, 1971இல் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று மறு ஆண்டே முடித்துவிட்டார்கள். குடும்பம் விடாமல் போராடியதால்தான் அது கொலை என்று 2017இல் நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட ஒரே முன்னாள் போலீஸ்காரர், விசாரணை தொடங்குமுன் 2021இல் இறந்துபோனார். இவ்வளவு தாமதித்தால் சாட்சியும் குற்றவாளியும் சேர்ந்தே செத்துப்போவார்கள், வேறென்ன நடக்கும்?

இழப்பீட்டிலும் இதே கதை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை தரச் சொன்னது ஆணையம். 2003இல் அரசு அறிவித்தது ஒரே தடவையாக 30,000 ராண்ட்.

இலங்கைக்கும் இந்த மாதிரியை அடிக்கடி சிபாரிசு செய்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 முதல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடும் தாய்மாரிடம் அதைக் கொண்டுபோகிறவர்கள், "ஆணையம் முடிந்தபின் வழக்கை யார் நடத்துவார்?" என்ற கேள்விக்கு முதலில் பதில் வைத்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் குடும்பங்கள் அரசு மீதே வழக்குப் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான், அந்த வழக்குகளை யாராவது தடுத்தார்களா என்று விசாரிக்க 2025இல் ஜனாதிபதி ரமபோசா இன்னொரு ஆணையம் அமைத்தார்.