கொச்சுபுஸ்தகம் – கடிதம்

அன்புள்ள சார்,

வேலைக்காகத் திருச்சூர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மலையாளம் கற்றுக்கொண்டு நல்ல நாவல்களாகத் தேடிப் படிக்கிறேன். அறை நண்பர்களோ போனில் 'கம்பிக்கதை' என்னும் ஆபாசக் கதைகளைத்தான் படிக்கிறார்கள். இவ்வளவு பெரிய இலக்கியம் உள்ள மொழியில் இதற்கு எப்படி இத்தனை வாசகர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போனுக்கு வருவதற்கு முன் அதன் பெயர் கொச்சுபுஸ்தகம். சின்னப் புத்தகம் என்று அர்த்தம். பாலக்காட்டில் ஒரு பஸ் ஸ்டாண்ட் கடையில் பார்த்திருக்கிறேன். முன்னால் கயிற்றில் வாரப் பத்திரிகைகள் தொங்கும். கடைக்காரர் கேட்டவரின் முகத்தைப் பார்க்காமலே அடியில் கைவிட்டு எடுத்து, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். பின் அடித்த மட்டக் காகிதம். எழுதியவர் பெயர் பொய்யாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. (இதைப் பைங்கிளிக் கதைகளோடு சேர்த்துவிடாதீர்கள். முட்டத்து வர்க்கியின் 'பாடாத்த பைங்கிளி' நாவலால் அந்தப் பெயர் பெற்றவை காதலும் கண்ணீரும். வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து படிக்கலாம்.)

பெரிய இலக்கியம் என்கிறீர்கள். சரி, அதன் வாசலிலேயே சிருங்காரம்தான் இருக்கிறது. மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளத்தின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான 'வைசிகதந்திரம்', ஒரு தாய் தன் மகளுக்குக் கணிகைத் தொழிலின் நுட்பங்களைச் சொல்லிக்கொடுப்பது. உண்ணியச்சி, உண்ணியாடி என்று பெண்களின் அழகைப் பாடவே, உரைநடையும் செய்யுளும் கலந்த சம்பு காவியங்கள் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டில் வெண்மணி நம்பூதிரிக் கவிஞர்கள் பச்சையாகவே எழுதினார்கள். அவர்களை விட்டுவிட்டு மலையாள இலக்கிய வரலாறு எழுத முடியாது. அதனால் காமத்தை எழுதுவதில் எனக்குக் குறையில்லை.

என் வருத்தமெல்லாம் அந்தப் பெண்களைப் பற்றி. கொச்சுபுஸ்தகத்தில் வருகிறவளுக்கு உடம்பு இருக்கிறது, நினைப்பு என்று ஒன்று கிடையாது. மறுநாள் காலையில் அவள் என்ன யோசித்தாள் என்று எழுதிய ஒரு வரியைக்கூட நான் பார்த்ததில்லை. பழைய காவியங்களிலும் பெரும்பாலும் பாடுகிறவன் கண்தான். 1972-ல் மாதவிக்குட்டியின் (கமலா தாஸ்) சுயசரிதை 'என்றெ கத' (என் கதை) மலையாளநாடு வார இதழில் தொடராக வந்தபோது ஊரே கொந்தளித்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதுவரை பாடப்பட்டவள், தன் ஆசையையும் கட்டிலில் தான் தனியாகக் கிடந்ததையும் தானே சொந்த வாயால் சொன்னாள்.

நண்பர்களோடு சண்டை போடாதீர்கள். 'என்றெ கத' ஒரு பிரதி வாங்கி அறையில் போட்டு வையுங்கள். அதிகப் பக்கமில்லை, ஒரே ராத்திரியில் படித்துவிடலாம்.