நாள்பட்ட கணைய அழற்சி: ஆபரேஷன் செய்தால் வலி திரும்ப வரவே வராதா?

பலருக்கு வலி நன்றாகவே குறையும், ஆனால் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. நெதர்லாந்தில் 39 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. கணையக் குழாய் அடைபட்டு வீங்கியவர்களில் ஒரு பாதிக்கு எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை நீக்குவது), மறு பாதிக்குக் குழாயைத் திறந்து சிறுகுடலோடு தைத்துவிடும் ஆபரேஷன். சுமார் ஆறரை வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் பக்கம் 80 சதவீதம் பேருக்கு வலி முழுதாகவோ ஓரளவோ அடங்கியிருந்தது, எண்டோஸ்கோபி பக்கம் 38 சதவீதம்தான், எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கே போனார்கள். சின்ன ஆய்வுதான், சரி, ஆனாலும் வித்தியாசம் பெரிது. வருடக்கணக்கில் மார்ஃபின் வகை மாத்திரையில் ஓட்டிவிட்டு ஆபரேஷனுக்குப் போனால் பலன் குறைகிறது, அதற்குள் நரம்பு மண்டலமே வலியைப் பெரிதாக்கிக் காட்டப் பழகியிருக்கும். அப்புறம், வலி போனாலும் சர்க்கரை நோயும் செரிமான என்சைம் குறைவும் பின்னால் வரலாம். குடியும் சிகரெட்டும் தொடர்ந்தால் இன்னும் சீக்கிரம்.