ஆடாதொடை: போத்து நடுவது முதல் மணப்பாகு வரை

இருமலுக்கான மூலிகைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஆடாதொடையைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை அந்த ஒரு செடிக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நோய் விவரங்களும் கலந்திருப்பதால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் வேலியில் நிற்கும் செடியை ஆடாதொடை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தோம். அண்மையில் வந்த உறவினர் ஒருவர் அது நொச்சி என்கிறார். எதை வைத்து உறுதி செய்வது?

பதில்: நொச்சியில் ஒரே காம்பிலிருந்து மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரல்களைப் போல விரிந்திருக்கும். ஆடாதொடையில் தனித்தனி இலைகள் தண்டின் இருபுறமும் எதிரெதிராக அமைந்திருக்கும். மா இலையை நினைவூட்டும் ஈட்டி வடிவத்தில் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீண்டு, கசக்கினால் ஒருவித மந்தமான வாடை வீசும், நுனி நாக்கில் வைத்தால் கசக்கும். கருநொச்சியோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அதன் இலை இதைவிடக் குறுகலாகவும், தண்டு கருஞ்சிவப்பாகவும் இருக்கும். ஐயமறத் தீர்மானிக்க வேண்டுமானால் பூக்கும் வரை காத்திருங்கள். ஆடாதொடையின் வெள்ளைப்பூ மேலுதடும் கீழுதடுமாகப் பிளந்து, கீழுதட்டில் ஊதா கலந்த கோடுகளோடு, வாய் திறந்த சிங்கத்தின் முகம் போலத் தோன்றும். வடமொழியில் இதற்குச் சிங்கமுகம் என்று பொருள்படும் பெயர் ஒன்று இருப்பதும் இதனால்தான். ஆடு தொடாத இலை என்பதே தமிழ்ப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். 1753இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய ஜஸ்டிசியா அதாதொடா என்ற தாவரவியல் பெயரிலும் அந்த ஒலி அப்படியே நிலைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி உண்டாகும். பூப்பதற்கு முன் அடையாளம் உறுதியாகாவிட்டால் அந்தச் செடியின் இலையை மருந்தாக உட்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மூன்று முறை போத்து நட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரத்தில் துளிர்விடுகிறது, பிறகு கறுத்து அழுகிவிடுகிறது. நன்றாகச் சாணம் இட்டு, நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றித்தான் வருகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது, அம்மா. வேரில்லாத தண்டுக்கு உரம் தேவையில்லை. மட்காத பச்சைச் சாணம் சூட்டைக் கிளப்பி, வெட்டுப்பட்ட இடத்தில் அழுகலை உண்டாக்கும். இருவேளை நீரால் மண்ணில் காற்றோட்டமும் அற்றுப்போகிறது. துளிரைக் கண்டு வேர்பிடித்துவிட்டதாக எண்ணியதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது, ஏனென்றால் தண்டு தன்னுள் சேமித்து வைத்திருக்கும் உணவைக் கொண்டே வேர் வருவதற்கு முன்பே இரண்டொரு இலைகளை விட்டுவிடும்.

அடுத்த முறை இளம்பச்சையாகவும் இல்லாமல் முற்றி மரமாகவும் ஆகாமல், பழுப்பேறத் தொடங்கிய, எழுதுகோல் பருமனுள்ள கிளையைத் தேர்ந்தெடுங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் நுனியில் நேராகவும் வெட்டினால், எது அடி எது நுனி என்ற குழப்பம் வராது. தலைகீழாக நட்ட போத்துகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கீழ்க்கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் பாதியளவு கத்தரித்து விடுங்கள். ஆற்றுமணலும் தோட்டமண்ணும் சம அளவு கலந்த கலவையில் இரண்டு கணுக்கள் புதையுமாறு ஊன்றி, நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். விரலை விட்டுப் பார்த்து மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும் நீர் தெளித்தால் போதும். வேர்பிடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள். இரண்டு மாதத்திற்குப் பின் நிலத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் மாற்றி நடலாம். உயிர்வேலியாக வேண்டுமென்றால் அதில் பாதி இடைவெளி போதும்.

கேள்வி: தொட்டியில் வளருமா? பூச்சி அடிக்குமா?

பதில்: வளரும். குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள, அடியில் துளையிட்ட தொட்டியும், நாளில் சில மணி நேர வெயிலும் இருந்தால் போதுமானது. ஆண்டுக்கு ஒருமுறை, பூத்து ஓய்ந்ததும், மூன்றில் ஒரு பங்கு கத்தரித்தால் புதர்போல் கிளைக்கும். பூச்சித் தொல்லை மிகக் குறைவு. சொல்லப்போனால் இதன் இலைச்சாற்றையே மற்றச் செடிகளுக்குப் பூச்சிவிரட்டியாகத் தெளிப்பதுண்டு. இதற்கு உண்மையான பகை தேங்கும் நீர் ஒன்றுதான்.

கேள்வி: இலைக்கு எடைக்கு எடை சர்க்கரை சேர்த்து மணப்பாகு செய்து பார்த்தேன். பத்தே நாளில் நுரைத்துப் புளித்துவிட்டது. கஷாயமாகவே குடித்துவிடலாமா? அளவு என்ன?

பதில்: நுரைத்ததற்குக் காரணம் சர்க்கரை குறைந்ததுதான். பாகு கெடாமல் இருக்க வேண்டுமானால் அதன் மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்க வேண்டும். அவ்வளவு அடர்த்தியில் புளிக்கச் செய்யும் ஈஸ்ட்டுகளும் பூஞ்சைகளும் தமக்கு வேண்டிய நீரைப் பெற முடியாமல் முடங்கிவிடுகின்றன. நீங்கள் இலையின் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டீர்கள், ஆனால் கணக்கிட வேண்டியது வடிகட்டிய கஷாயத்தின் எடையை. கழுவி நறுக்கிய முற்றிய இலை 100 கிராமை 800 மில்லிலிட்டர் நீரில் இட்டு, சிறுதீயில் 200 மில்லிலிட்டராக வற்றும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அதில் 400 கிராம் சர்க்கரை சேர்த்து, கரையும்வரை மட்டும் சூடாக்கி, கொதிநீரில் இட்டு நன்கு உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் சூடாகவே ஊற்றி மூடிவிடுங்கள். ஈரக்கரண்டி பட்டால் எத்தனை சர்க்கரை இருந்தாலும் பயனில்லை. இப்படிச் செய்த பாகில் வளர்ந்தவர்கள் ஒருவேளைக்கு 10 மில்லிலிட்டர் வீதம், காலையும் மாலையும் உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். அந்த 10 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 9 கிராம் சர்க்கரை இருப்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. அவர்களுக்குக் கஷாயமே தக்கது.

கஷாயத்திற்கு மூன்று முற்றிய இலைகளை ஒரு குவளை நீரில் இட்டு அரைக்குவளையாக வற்றவைத்து, இருவேளையாகப் பிரித்துக் குடிக்கலாம். நீரிழிவு இல்லாதவர்கள் கசப்பைத் தணிக்கத் தேன் சேர்க்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தேன் எந்த வடிவத்திலும் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளுக்கு இந்த இலையை வீட்டு அளவில் நீங்களாகக் கொடுப்பதையும் நான் ஏற்பதில்லை. மருத்துவரின் அளவுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. மிகையாகக் குடித்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாகும். ஐந்து நாளில் குறையாத இருமலை ஆறாம் நாளும் இலையாலேயே துரத்த முயல வேண்டாம்.

கேள்வி: இருமல் மருந்துகளே இந்த இலையிலிருந்துதான் வந்தன என்கிறார்கள். அப்படியானால் மருந்தை நிறுத்திவிட்டு இலையையே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: செய்தி உண்மை, முடிவு பொருந்தாது. இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற காரப்பொருளை (ஆல்கலாய்டு) 1888இல் ஹூப்பர் என்பவர் பிரித்தெடுத்தார். அதன் மூலக்கூற்று அமைப்பை அடிப்படையாக வைத்துப் பின்னாளில் செயற்கையாக உருவாக்கப்பட்டதே புரோம்ஹெக்சின். அது உடலுக்குள் மாறும் வடிவமான அம்புராக்சால் தனி மருந்தாகவும் வழங்குகிறது. இவை கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்ற உதவுபவை. இலையின் முதன்மையான பயனும் அதுவே. ஆகவே சளியே இல்லாத வறட்டு இருமலில் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. இரத்த அழுத்தத்திற்காக எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையாலேயே வறட்டு இருமல் வரும். அதற்கு மாதக்கணக்கில் கஷாயம் குடித்து வந்தவர்களை அறிவேன், மருத்துவர் மாத்திரையை மாற்றியதும் இருமல் நின்றது. ஆஸ்துமா உள்ளவர்கள் இலையை நம்பி உள்ளிழுக்கும் மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இருமலை அடக்கும் மருந்தையும் சளியை இளக்கும் இலையையும் சேர்த்துக் குடிப்பதும் தவறு. இளகிய சளி வெளியேற வழியின்றி மார்பிலேயே தங்கிவிடும்.

கேள்வி: என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. சளி கட்டி இருமுகிறாள். இலைதானே, தீங்கு செய்யாது என்று கஷாயம் வைத்துக் கொடுக்க நினைக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இந்தப் பகுதியில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது. பேறு விரைவதற்காக இந்தச் செடியைப் பயன்படுத்தும் பழைய வழக்கம் அந்தத் தன்மையை அறிந்தே எழுந்தது. பேற்று வேளையில் விரும்பப்பட்ட அந்த விளைவு ஐந்தாம் மாதத்தில் கருவைக் கலைக்கக்கூடும். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும், கருத்தரிக்க எதிர்பார்த்திருக்கும் காலத்திலும், கஷாயம், சாறு, மணப்பாகு, கடையில் வாங்கும் கலவை என எந்த வடிவிலும் இது வேண்டாம். பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். உங்கள் மருமகளுக்கு வெந்நீரும் வெறும் நீராவியும் ஓய்வும் கொடுத்து, அவரைப் பார்த்துவரும் மருத்துவரிடம் இருமலைச் சொல்லுங்கள். அவர்மீது கொண்ட பரிவினால்தான் கேட்டிருக்கிறீர்கள் என்பதை உணர்கிறேன். கொடுப்பதற்கு முன் கேட்டதற்காக மனமார நன்றி சொல்கிறேன்.

கேள்வி: மூன்று வாரமாக இருமல். இரண்டு நாளாகச் சளியில் இரத்தக் கீற்று தெரிகிறது. இரத்தம் கக்குவதற்கு ஆடாதொடை சிறந்தது என்று படித்ததால் சாறு குடித்து வருகிறேன். எத்தனை நாள் தொடரலாம்?

பதில்: இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், ஐயா. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரத்தமும் கண்டபின் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவை இருக்கின்றனவா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆடாதொடை இருக்கும்போது இரத்தம் கக்குபவனும் க்ஷயரோகியும் இருமுகிறவனும் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கும் பழைய வடமொழிச் செய்யுள் ஒன்று உண்டு. காசநோய்க் கிருமியையே யாரும் கண்டிராத காலத்தில், வேறு வழியற்றவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. இன்று முறையான மருந்தை இடைவிடாமல், வழக்கமாக ஆறு மாதம், உட்கொண்டால் அந்த நோயைக் குணப்படுத்த முடிகிறது. சாற்றினால் இருமல் சற்றுத் தணிந்து, அதனால் பரிசோதனை தள்ளிப்போனால், உங்களோடு ஒரே அறையில் உறங்குபவர்களுக்கும் நோய் பரவ நேரிடும்.

கேள்வி: ஆண்டு முழுவதும் பயன்படுத்த இலையைப் பதப்படுத்தி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். நட்ட முதல் ஆண்டு செடியை அதன் போக்கில் விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து, பழுக்காத முற்றிய இலைகளாகப் பார்த்து, பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் காற்றோட்டமுள்ள நிழலில் பரப்பி, தினமும் புரட்டிவிடுங்கள். நடுநரம்பை வளைத்தால் ஒடியும் பதம் வந்ததும் காற்றுப்புகாத புட்டியில் இட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் ஓராண்டு வரை பயன்படும். தூளாக்கி வைப்பதைவிட முழு இலையாக வைத்து, வேண்டும்போது நொறுக்கிக்கொள்வதே நல்லது. உலர்ந்த இலையின் எடை பச்சை இலையில் ஏறத்தாழ கால் பங்குதான் என்பதால், கஷாயத்திற்கும் அந்த விகிதத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். புட்டியின்மேல் இலையின் பெயர், பறித்த தேதி, கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் அந்தப் புட்டியை எடுப்பவர் எப்போதும் நீங்களாகவே இருக்கப்போவதில்லை.